மணிக்கு ஒரு மைலுக்கும் குறைவாக: ஜோர்டன் ஏரியில் க்ராப்பி ட்ரோலிங் கற்ற நான்கு சனிக்கிழமைகள்

மார்ச் மாதத்து இரண்டாவது சனிக்கிழமை. காலை ஏழு மணிக்கு ஜோர்டன் ஏரியின் ஃபாரிங்டன் படகுத்துறையில் படகை இறக்கினோம். மதியம் ஒரு மணிக்குக் கரையேறினோம். எட்டு ராடு (தூண்டில் கம்பு), ஆறு மணி நேரம், ஒரு மீன்கூட இல்லை. ஏரித் தரையில் மாட்டி அறுந்துபோன ஜிக் என்கிற ஈயத்தலைக் கொக்கி மட்டும் ஐந்து. எங்களுக்குப் பக்கத்திலேயே காலை முழுக்க ஓட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், படகை டிரெய்லரில் ஏற்றும்போது ஐஸ் பெட்டியைத் திறந்து காட்டினார். பதினைந்துக்கு மேல் க்ராப்பி மீன், வெள்ளித் தட்டுகளை அடுக்கியது போல. அதே தண்ணீர், அதே காற்று, பார்வைக்கு அதே மாதிரி ஜிக்தான்.

அவருக்கும் எங்களுக்கும் நடுவில் என்ன வித்தியாசம் என்று தேடியதையும், அடுத்த மூன்று பயணங்களில் அது எப்படிப் படிப்படியாகப் பிடிபட்டது என்பதையும் இங்கே எழுதுகிறேன். புதிதாகப் படகு வாங்கிவிட்டு, "ராடைப் பின்னால் விட்டு மெதுவாக ஓட்டினால் போதும்" என்று நம்பி இறங்குகிறவர்கள் எங்களைப் போல நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களுக்கு ஒரு மாதமாவது மிச்சமாகட்டும்.

முதலில் இடத்தைப் பற்றி. ஜோர்டன் ஏரி வட கரோலினாவில், ராலேவுக்கு மேற்கே, சேப்பல் ஹில்லுக்குத் தெற்கே, ஹா ஆற்றின் குறுக்கே அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை கட்டிய அணையால் உருவானது. வெள்ளத் தடுப்புக்காகத் திட்டமிட்டு, 1980களின் தொடக்கத்தில் நிரப்பினார்கள். பரப்பு 13,940 ஏக்கர். கேரி, ஏபெக்ஸ் ஊர்களில் குழாயைத் திறந்தால் வருவது இந்தத் தண்ணீர்தான். அந்த ஊர்களில் நம் ஆட்கள் எத்தனை குடும்பம் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். வார இறுதியில் கரையோரம் பிரியாணி மணக்கும். படகில் போகிறவர்கள் குறைவு.

ஹா ஆற்றுக் கிளை, நியூ ஹோப் கிளை என்று ஏரிக்கு இரண்டு கைகள். நாங்கள் போனது நியூ ஹோப் கிளையின் மேல்பகுதி. அங்கே ஆழம் அதிகமில்லை, பெரும்பாலும் பத்திலிருந்து பதினைந்து அடி. தண்ணீர் தேநீர் கலந்தது போலக் கலங்கலாக இருக்கும். தெற்கு வடக்காக நீண்டு கிடப்பதால் காற்று தடையில்லாமல் ஓடும். இந்தக் காற்றுதான் பின்னால் கதையில் முக்கியமாக வரப்போகிறது.

க்ராப்பி சன்ஃபிஷ் குடும்பத்து நன்னீர் மீன். தட்டையான உடல், பெரிய கண், மெல்லிய வாய். கருப்பு, வெள்ளை என்று இரண்டு இனம். முதுகுத் துடுப்பின் முன்பக்கம் முள்ளை எண்ணினால் கருப்புக்கு ஏழு எட்டு, வெள்ளைக்கு ஐந்து ஆறு. சராசரி மீன் அரை பவுண்டு முக்கால் பவுண்டு இருக்கும். மிசிசிப்பியின் ஈனிட் அணையில் 1957 ஜூலையில் பிடிபட்ட 5 பவுண்டு 3 அவுன்ஸ் வெள்ளைக் க்ராப்பிதான் இன்றுவரை அந்த இனத்தின் உலக சாதனை. நாங்கள் இதுவரை பிடித்ததில் பெரியது ஒன்றே கால் பவுண்டு. கையில் அது துள்ளியபோது எங்களுக்கு அதுவே சாதனை.

ட்ரோலிங் என்றதும் நம் ஊர் விசைப்படகின் இழுவைமடி வலை நினைவுக்கு வரலாம். இதில் வலை கிடையாது. படகின் பின்னால் பல ராடுகளைத் தாங்கியில் நிறுத்தி, ஒவ்வொன்றிலும் ஐம்பது அறுபது அடி நரம்பை (தூண்டில் இழை) விட்டு, நுனியில் ஒரு ஜிக்கைக் கட்டி, மின்மோட்டாரில் நடையைவிட மெதுவாக இழுத்துக்கொண்டு போவது. ஜிக் என்பது ஈயத் தலை வார்த்த கொக்கி. அதில் வால் ஆடும் பிளாஸ்டிக் உடம்போ இறகோ இருக்கும். மீனுக்கு அது ஷாட் என்கிற சின்ன வெள்ளி மீன் போலத் தெரியும். வசந்தத் தொடக்கத்தில் க்ராப்பி ஒரு மரத்தடியிலோ பாறையிலோ ஒட்டியிருக்காது. தண்ணீரின் நடுவில் கூட்டமாக மிதந்துகொண்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும். நின்ற இடத்தில் வீசுவதைவிட நிறையத் தண்ணீரைத் துழாவுவதுதான் அப்போது பலன் தரும். அதனால்தான் இந்த முறையைத் தேர்ந்தெடுத்தோம்.

முதல் சனிக்கிழமையில் என்ன செய்தோம்

படகு பதினாறு அடி அலுமினியம், பழையது. முன்னால் 12 வோல்ட் மின்மோட்டார். கூட வந்தது என் மனைவியின் தம்பி, சார்லட்டிலிருந்து. அவன் 1988க்குப் பிறகு பிறந்தவன் என்பதால், இந்த மாநிலத்தில் 10 குதிரைத் திறன் அல்லது அதற்கு மேற்பட்ட எஞ்சினை ஓட்ட படகுப் பாதுகாப்புப் பாடம் முடித்திருக்க வேண்டும். முடித்திருந்தான். மீன்பிடி உரிமம் இருவருக்கும் இருந்தது. உயிர்காப்புச் சட்டையைக் கழற்றவே இல்லை. அன்று தண்ணீர் 52 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 11 செல்சியஸ். அந்தக் குளிரில் விழுந்தால் நீச்சல் தெரிந்தவனுக்கும் கை கால் ஓடாது. இதில் மட்டும் எந்தச் சமரசமும் வேண்டாம்.

மற்றதெல்லாம் கையில் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றினோம். எட்டு ராடில் நான்கில் 10 பவுண்டு இழுப்பைத் தாங்கும் நரம்பு, மீதியில் 6, 8 என்று கலவை. ஜிக்குகளில் 1/8 அவுன்ஸும் 1/16 அவுன்ஸும் ஒரு 1/32 அவுன்ஸும். எவ்வளவு நரம்பு விட்டோம் என்று அளக்கவில்லை, "போதும் போதும்" என்று தோன்றும்வரை விட்டோம். மோட்டாரின் வேகக் குமிழை நான்கில் வைத்து, வடக்கே ஒரு மைல், திரும்பித் தெற்கே ஒரு மைல் என்று ஓட்டினோம். தென்மேற்கிலிருந்து நல்ல காற்று.

தண்ணீருக்குள் இருப்பதை ஒலியால் காட்டும் சோனார் திரையில் மீன் தெரிந்தது. பதினான்கு அடித் தண்ணீரில் ஏழிலிருந்து ஒன்பது அடி ஆழத்தில், புள்ளிப் புள்ளியாக ஒரு கொத்து. அதன் மேலேயே நான்கு தடவை போனோம்.

"அத்தான், மீன் இருக்கு, பசி இல்லை போல" என்றான்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். பெரியவரின் ஐஸ் பெட்டியைப் பார்க்கும்வரை.

அவரிடம் கேட்டேன். எந்த நிற ஜிக் என்பதுதான் என் கேள்வி. புதியவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான் என்று இப்போது தெரிகிறது. அவர் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "என்ன வேகம்?" என்று திருப்பிக் கேட்டார். நான்கு என்றேன். "நான்கு என்பது உன் மோட்டாரின் வேகம். உன் ஜிக்கின் வேகம் என்ன?" என்றார். அப்புறம் கையை மடக்கிக் கண்ணுக்கு மேலே வைத்து, க்ராப்பியின் கண் மேல்நோக்கிப் பார்க்கும், தன் தலைக்கு மேலே வருவதைத்தான் எழுந்து வந்து பிடிக்கும், கீழே போவதற்குக் குனியாது என்றார். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அவ்வளவுதான் பாடம்.

கைக்கடிகாரம் சொன்ன உண்மை

தடயம் எதிர்பாராத இடத்திலிருந்து கிடைத்தது. மைத்துனன் கையில் உடற்பயிற்சிக் கடிகாரம் கட்டியிருந்தான். காலையில் படகுத்துறையில் நடக்கும்போது நடைப்பயிற்சியில் போட்டவன் நிறுத்த மறந்துவிட்டான். இரவு சாப்பிடும்போது பார்த்தால், ஆறு மணி நேரத்துக்கும் பாதை, வேகம் எல்லாம் ஜிபிஎஸ்ஸில் பதிவாகியிருக்கிறது.

வடக்கே, காற்று முதுகில் தள்ளும்போது, மணிக்கு 1.3 முதல் 1.5 மைல். தெற்கே, காற்று முகத்தில் அறையும்போது, 0.4 முதல் 0.6 மைல். குமிழ் இரண்டு திசையிலும் நான்கில்தான் இருந்தது.

இந்த எண்ணைப் பார்த்ததும் சாப்பாட்டு மேஜையிலேயே காகிதத்தை எடுத்துவிட்டோம். தண்ணீரில் இழுபடும் ஜிக்கின் மேல் இரண்டு விசை. ஈயத்தின் எடை கீழே இழுக்கிறது. நரம்பின் மேலும் ஜிக்கின் மேலும் தண்ணீர் தரும் எதிர்ப்பு அதை மேலே தூக்குகிறது. எடை மாறாது. எதிர்ப்போ ஏறத்தாழ வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 0.5 மைலில் இருந்து 1.4 மைலுக்குப் போனால் வேகம் மூன்று மடங்குகூட ஆகவில்லை, எதிர்ப்பு கிட்டத்தட்ட எட்டு மடங்கு. 1/16 அவுன்ஸ் என்பது இரண்டு கிராமுக்கும் குறைவு. அந்தத் துக்கடா ஈயம் எட்டு மடங்கு எதிர்ப்புக்கு முன்னால் என்ன செய்யும்? நீர்மட்டத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

ஆக, வடக்கே போகும்போது ஜிக்குகள் மீன்களுக்கு மேலே எட்டாத உயரத்தில் விரைந்து போயிருக்கின்றன. தெற்கே வரும்போது மீன்களுக்குக் கீழே, தரையை உரசிக்கொண்டு வந்திருக்கின்றன. அறுந்த ஐந்து ஜிக்கும் எந்தப் பயணத்தில் அறுந்தன என்று யோசித்துப் பார்த்தோம். ஐந்துமே தெற்கே வரும்போது. நாள் முழுக்க மீன் இருந்த இரண்டடித் தளத்தில் மட்டும் எங்கள் ஜிக் இல்லை.

தடித்த நரம்பும் சேர்ந்து குழப்பியது. ஐம்பது அறுபது அடி நீளத்துக்கு நரம்பு தண்ணீருக்குள் கிடக்கிறது. எதிர்ப்பில் பெரும்பங்கு ஜிக்கில் இல்லை, நரம்பில்தான். 10 பவுண்டு நரம்பும் 6 பவுண்டு நரம்பும் ஒரே ஜிக்கை இரண்டு வேறு ஆழத்தில் ஓட்டும். எட்டு ராடும் எட்டு விதமாக இருந்ததால், ஒரு மீன் கடித்திருந்தால்கூட அதிலிருந்து எங்களால் ஒன்றும் கற்றிருக்க முடியாது. எந்த ஜிக் எந்த ஆழத்தில் இருந்தது என்றே தெரியாதே.

இரண்டாவது சனி: ஆழத்தை அளந்தது

எட்டு ராடை நான்காகக் குறைத்தோம். இதைத்தான் புதியவர்களுக்கு முதலில் சொல்வேன். பழகியவர்கள் எட்டு, பத்து ராடு விரித்து வைத்துப் போவதைப் பார்க்க அழகாக இருக்கும். அது அவர்களுக்கு. (ஒருவர் எத்தனை ராடு வைக்கலாம் என்ற விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.) நான்கிலும் ஒரே 6 பவுண்டு நரம்பு, ஒரே 1/16 அவுன்ஸ் ஜிக். இரண்டு நீள ராடைப் பக்கவாட்டில் நீட்டி, இரண்டு குட்டை ராடைப் பின்பக்கம் வைத்தோம். நரம்புகளுக்கு நடுவே இடைவெளி இருந்தால்தான் சிக்கு விழாது.

நரம்பு நீளத்தை முந்தைய நாளே வீட்டு வாசலில் அளந்தோம். அளந்த விதம் தூத்துக்குடி முறை. கைகளை விரித்தால் ஒரு பாகம், ஏறக்குறைய ஆறு அடி. எங்கள் பக்கத்துக் கடல்காரர்கள் ஆழத்தையே பாகத்தில்தான் சொல்வார்கள். பத்துப் பாகம் அளந்து, அந்த இடத்தில் நரம்பின் மேல் தையல் நூலால் ஒரு சின்ன முடிச்சு. படகில் அந்த முடிச்சு ராடின் நுனியைத் தாண்டும்போது நிறுத்தினால் அறுபது அடி. நான்கு ராடுக்கும் ஒரே கணக்கு.

முதல் ஒரு மணி நேரம் மீனைத் தேடவே இல்லை. மெல்ல மெல்ல மேடேறும் ஒரு தரையைச் சோனாரில் கண்டுபிடித்து, ஜிபிஎஸ் வேகத்தை 1.0 மைலில் பிடித்து, ஆழத்திலிருந்து மேட்டை நோக்கி ஓட்டினோம். ராடு நுனி "டுக் டுக்" என்று தட்ட ஆரம்பித்தால் ஜிக் தரையைத் தொட்டுவிட்டது என்று பொருள். ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. ஜிக் நமக்கு அறுபது அடி பின்னால் வருகிறது. மணிக்கு ஒரு மைல் என்றால் நொடிக்கு சுமார் ஒன்றரை அடி, ஆகவே படகு கடந்த இடத்துக்கு ஜிக் வந்து சேர நாற்பது நொடி ஆகும். தட்டும் நேரத்தில் திரையில் தெரியும் ஆழத்தைப் பார்க்காமல், நாற்பது நொடிக்கு முன்னால் ஓடிப்போன ஆழத்தைப் பார்க்க வேண்டும்.

எங்கள் படகில் கிடைத்த கணக்கு இது. 1.0 மைலில் ஏறத்தாழ ஆறு அடி. 0.8 மைலில் எட்டு அடிக்குக் கொஞ்சம் குறைவு. 0.7க்கு இறக்கினால் ஒன்பது அடியைத் தொடும். உங்கள் நரம்பும் ஜிக்கின் உடம்பும் வேறாக இருந்தால் எண்களும் வேறாக வரும். பருமனான வால் உள்ள பிளாஸ்டிக் போட்டாலே ஒரு அடி மேலே வந்துவிடுகிறது. ஆகவே எங்கள் எண்களை எடுத்துக்கொள்ளாதீர்கள், அளக்கும் முறையை எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, அப்புறம் மீன். சோனாரில் கூட்டம் அன்றும் எட்டு ஒன்பது அடியில்தான். அதற்கு மேலே ஓட வேண்டும் என்று 1.0 மைலில் ஓட்டினோம். அரை மணி நேரம் ஒன்றுமில்லை. கரை நெருங்கியதால் இடப்பக்கம் ஒரு பெரிய வளைவு எடுத்தேன். இடது ஓரத்து ராடு அப்படியே வில்லாக வளைந்தது. முதல் க்ராப்பி. இன்னொரு வளைவு வலப்பக்கம், இந்த முறை வலது ஓரத்து ராடு.

மைத்துனன்தான் பிடித்தான்: "அத்தான், ரெண்டு தடவையும் உள்பக்கத்து ராடு."

படகு திரும்பும்போது உள்பக்கத்து ஜிக் சின்ன வட்டத்தில் வரும். அதனால் வேகம் குறையும், கீழே இறங்கும். வெளிப்பக்கத்து ஜிக் பெரிய வட்டத்தில் வரும். வேகம் கூடும், மேலே ஏறும். ஒரே வளைவில் இரண்டு வேகத்தையும் இரண்டு ஆழத்தையும் ஒரே சமயத்தில் சோதித்துப் பார்த்தாகிவிட்டது. உள்பக்கம் கடித்தால் மீன் மெதுவாகவும் ஆழமாகவும் கேட்கிறது. வெளிப்பக்கம் கடித்தால் வேகத்தைக் கூட்டு. 52 டிகிரித் தண்ணீரில் மீனுக்கும் சோம்பல், இரண்டடி மேலெழுந்து வந்து துரத்த அதற்குத் தெம்பில்லை. 0.8க்கு இறக்கினோம். ஜிக் மீனின் தலைக்குச் சரியாக மேலே போனது. அடுத்த ஒரு மணி நேரத்தில் ஏழு மீன், நேர்க்கோட்டில் போகும்போதே.

அன்றிலிருந்து இன்றுவரை நான் நேராக ஓட்டுவதே இல்லை. பாம்பு போவது போல நெளிந்துதான் போகிறேன். இந்த முறை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

மூன்றாவது சனி: படகை நிறுத்தியது

மார்ச் கடைசி. வட கரோலினாவில் இருப்பவர்களுக்கு அந்த மஞ்சள் தெரியும். பைன் மரத்து மகரந்தம் கார், வாசல், ஏரி எல்லாவற்றிலும் படியும். நரம்பு நீர்மட்டத்தைக் கிழிக்கும் இடத்தில் மஞ்சள் பிசுக்காக ஒட்டியது. அடிக்கடி துடைக்க வேண்டியிருந்தது. காற்றே இல்லை, வேகம் 0.8இல் அசையாமல் நின்றது. எட்டு மணிக்கே ஒரே நேரத்தில் இரண்டு ராடு வளைந்தன.

இங்கேதான் அடுத்த தவறு. பதற்றத்தில் நான் மோட்டாரை நிறுத்திவிட்டேன். படகு நின்றதும் மீன் இல்லாத இரண்டு ஜிக்கும் தரைக்கு இறங்கி ஒரு மரக்கட்டையில் மாட்டின. மீன் மாட்டிய நரம்புகள் தளர்ந்து ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. ஒரு மீன் கழன்றது. சிக்கெடுக்க நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடத்தில் கூட்டம் எங்கேயோ போய்விட்டது.

அப்புறம் ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டோம். மீன் மாட்டினால் மோட்டாரைத் தொடுவதில்லை. ஓட்டுகிறவன் ஓட்டிக்கொண்டே இருப்பான், மற்றவன் மட்டும் அந்த ராடை எடுத்துச் சுற்றுவான். வேகத்தைக் குறைப்பதுகூட இல்லை. இழுப்பு தளராமல் இருப்பதால் மீனும் கழல்வதில்லை.

சுண்டி இழுக்கும் பழக்கத்தையும் விட வேண்டியிருந்தது. ஊரில் தூண்டில் போட்ட கை, நரம்பு அசைந்ததும் தானாகச் சுண்டும். க்ராப்பிக்கு வாய் காகிதம் போல மெல்லியது, இங்கே அதற்குக் "காகித வாய்" என்றே ஒரு பெயர் உண்டு. சுண்டினால் கிழிந்து கழன்றுவிடும். படகின் ஓட்டமே கொக்கியை ஏற்றிவிடுகிறது. ராடைத் தாங்கியிலிருந்து எடுத்து, வளைவு குறையாமல் நிதானமாகச் சுற்றி, படகருகே வந்ததும் கைவலையில் ஏந்த வேண்டும். நரம்பைப் பிடித்துத் தூக்கினால் பாதி மீன் திரும்பத் தண்ணீருக்குத்தான் போகும். அன்று அப்படிப் போனது மூன்று.

நிறத்தைப் பற்றியும் அன்று கொஞ்சம் சோதித்தோம். இரண்டு ராடில் மஞ்சள் பச்சை, இரண்டில் கருப்பு உடலும் மஞ்சள் பச்சை வாலும். மொத்தம் பதினொரு மீனில் ஆறு ஒன்றில், ஐந்து இன்னொன்றில். இதை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது. கலங்கல் தண்ணீரில் பளிச்சென்று தெரியும் ஏதோ ஒன்று இருந்தால் போதும் என்பது என் அபிப்பிராயம். கடையில் நிறப்பெட்டி முன்னால் நிற்கும் நேரத்தைத் தரை தேடி ஜிக்கின் ஆழத்தை அளப்பதற்குச் செலவிடலாம்.

நான்காவது சனி: கணக்கு பொய்த்த காலை

ஏப்ரல் மூன்றாவது வாரம். டாக்வுட் மரங்கள் வெள்ளையாகப் பூத்திருந்தன. இந்த மாநிலத்தின் மலர் அது. டாக்வுட் பூத்தால் க்ராப்பி முட்டையிடக் கரைக்கு வரும் என்பது இங்குள்ள மீன்பிடிக்காரர்களின் பழைய கணக்கு. தண்ணீர் 65 டிகிரிக்கு ஏறியிருந்தது.

எங்களுக்கு அது மனதில் ஏறவில்லை. அதே இடம், அதே 0.8, அதே 1/16. இரண்டு மணி நேரம் ஒன்றுமில்லை. சோனாரிலும் காலி. மறுபடி முதல் சனிக்கிழமை வந்துவிட்டதோ என்று பயந்தோம். மைத்துனன்தான், "கரைப்பக்கம் போய்ப் பாப்போம் அத்தான், அன்னைக்குப் பாத்த அந்தப் பெரியவர் கூட அங்கதான ஓட்டுறார்" என்றான். தூரத்தில் அவரேதான். ஒரு சிற்றோடை வந்து கலக்கும் இடத்தில், ஆறு ஏழு அடித் தண்ணீரில் மெதுவாக நெளிந்துகொண்டிருந்தார்.

அந்த ஆழத்தில் எங்கள் 1/16 தரையைத் தொடும். வேகத்தைக் கூட்டி ஜிக்கை மேலே கொண்டுவரலாம், ஆனால் முட்டையிட வந்த மீன் வேகமாக ஓடுவதைத் துரத்துமா என்று சந்தேகம். வேகத்தை அப்படியே 0.8இல் வைத்துவிட்டு, 1/32 அவுன்ஸுக்கு மாறினோம். எடை பாதி. ஓட்டம் ஏறக்குறைய நான்கடி ஆழத்துக்கு வந்தது. முதல் வளைவுக்கு முன்பே கடி.

வேகம் மீனின் மனநிலைக்கு, எடை தண்ணீரின் ஆழத்துக்கு. முதல் மாதம் இரண்டையும் ஒன்றாகவே போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தோம். எந்த வேகத்தில் மீன் வருகிறது என்று முதலில் கண்டுபிடித்து அதைத் தொடாமல் வைத்துக்கொண்டால், ஆழத்தை ஜிக்கின் எடையாலும் நரம்பின் நீளத்தாலும் சரிசெய்துகொள்ளலாம்.

அன்று பதினேழு மீன். விதிப் புத்தகத்தில் உள்ள குறைந்தபட்ச நீளத்துக்கு அளவுப்பலகையில் சிவப்பு டேப் ஒட்டியிருந்தோம். அதற்குக் குறைந்தவை திரும்பத் தண்ணீருக்கு. நன்றாகக் கறுத்துப்போன நான்கு ஆண் மீன்களையும் விட்டுவிட்டோம். அந்தப் பருவத்தில் ஆண்தான் கூட்டைக் காவல் காக்கும். சட்டம் தடுக்கவில்லை, எங்களுக்கு மனம் வரவில்லை.

வீட்டுக்கு எட்டு மீன் வந்தது. எந்த ஏரி மீனைச் சமைக்கும் முன்பும் மாநில சுகாதாரத் துறை அந்த நீர்நிலைக்கு ஏதாவது எச்சரிக்கை போட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். குழம்பு வைக்க வேண்டாம், சதை மிருதுவானது, கொதியில் உடைந்து கரைந்துவிடும். எலும்பில்லாமல் இரண்டு பக்கத்துச் சதையையும் சீவி எடுத்து, மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், எலுமிச்சைச் சாறு பிசிறி அரை மணி நேரம் வைத்துத் தோசைக்கல்லில் வறுத்தால் போதும். ஒரு பக்கம் இரண்டு நிமிடத்துக்கு மேல் தாங்காது.

கிளம்பும்போது படகுத்துறையில் பெரியவர் எங்கள் பெட்டியை எட்டிப் பார்த்தார். "இப்போது என்ன வேகம்?" என்றார்.

"புள்ளி எட்டு" என்றோம் இருவரும் ஒரே நேரத்தில்.

தலையாட்டினார். மே கடைசியில் தண்ணீர் 75ஐத் தாண்டினால் இந்த ஜிக் வேலைக்கு ஆகாது, மீன் ஆழமான பக்கம் போய்விடும், அப்போது வந்து கேளுங்கள் என்று சொல்லிவிட்டு டிரெய்லர் பட்டையை இறுக்கப் போனார். மைத்துனன் அதற்குள் போனில் ஜூன் முதல் சனிக்கிழமையைக் குறித்துவிட்டான்.